எபினால் நகரின் படங்கள்

பிரான்ஸின் வடகிழக்கே, வோஜ் மலைப் பகுதியில், மொசெல் நதிக்கரையில் அமைந்த சிறிய நகரம் எபினால். உலகம் அதை அறிந்தது படங்களால். 1796ஆம் ஆண்டு ழான்-ஷார்ல் பெல்லெரன் என்பவர் அங்கு நிறுவிய அச்சகம், மரக்கட்டையில் செதுக்கிய சித்திரங்களைத் தாளில் பதித்து, அச்சுத் தகடுகளின் துணையோடு வண்ணம் தீட்டி, மலிவு விலையில் விற்றது. புனிதர்கள், நெப்போலியனின் போர்கள், சிறுவர் கதைகள் என எல்லாம் அதில் உண்டு. ஊர் ஊராகச் செல்லும் சிறு வணிகர்கள் அவற்றை மூட்டை கட்டிச் சுமந்து சென்றனர். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளின் சுவர்களிலும் அவை இடம் பிடித்தன. காலப்போக்கில் 'எபினால் படம்' என்பது பிரெஞ்சு மொழியில் ஒரு மரபுத் தொடராகவே ஆகிவிட்டது. சிக்கல்களை மறைத்து, எதையும் எளிமையாகவும் இனிமையாகவும் காட்டும் சித்திரிப்புக்கு அங்கே இன்றும் அதுதான் பெயர்.

2006ஆம் ஆண்டுக்குப் பிறகு, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்போரிடையே இந்நகரின் பெயருக்கு இன்னொரு பொருள் சேர்ந்தது. அந்தக் கதையிலும் படங்கள் உண்டு. உடலுக்குள் இருப்பதைக் காட்டி, கதிரைச் சரியான இடத்தில் செலுத்த உதவும் படங்கள். அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு அவற்றைப் பற்றி என்ன கற்பிக்கப்பட்டிருந்தது, எது கற்பிக்கப்படாமல் போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்கு முதலில் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

*

1895ஆம் ஆண்டு நவம்பரில் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் அதே கதிரைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். காண்பதும் குணப்படுத்துவதும் ஒரே கதிரின் இரு பயன்கள். ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்தவை. ஆனால் அவை இரண்டும் மீண்டும் ஒரே இயந்திரத்தில் ஒன்றுசேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

தொடக்க காலத்தில் இயந்திரத்தை இயக்கியவர்களுக்கு அளவுகோல் என்று எதுவும் இருக்கவில்லை. கண்ணாடிக் குழாயினுள் இருந்த வாயுவின் அழுத்தம் மாறிக்கொண்டே இருந்தமையால், கதிரின் ஊடுருவும் திறனும் நாளுக்கு நாள் மாறியது. அன்றைய கதிரின் தன்மையை அறிய, இயக்குபவர் தம் கையையே ஒளிரும் திரைக்கு முன் நீட்டி, எலும்புகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்று பார்த்துக்கொள்வார். அதாவது, தொழிலாளியின் உடலே அளவுகோல். தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரென்ஸ் டாலி இவ்விதம் தம் கைகளை இழந்து, 1904இல் இறந்தார். எடிசன் அத்தோடு எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். கதிரால் மாண்ட மருத்துவர்களுக்கும் இயற்பியலாளர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் 1936இல் ஹாம்பர்க் நகரின் மருத்துவமனை ஒன்றில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது.

இயந்திரத்தை இயக்குவது ஒரு தனித் தொழில், அதற்கு முறையான கல்வி வேண்டும் என்ற எண்ணம் இந்த இழப்புகளின் பின்னணியில்தான் வலுப்பெற்றது. பிரிட்டனில் கதிர்ப்படத் தொழில்நுட்பர்களின் சங்கம் 1920இல் அமைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவிலும் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. ஒரு கைத்தொழில் எப்போது தொழிற்கல்வியாக மாறுகிறது என்று ஆராய்பவர்களுக்கு இது நல்ல உதாரணம். கருவி மேம்பட்டபோது அன்று; கருவியால் மனிதர் சிதைந்தபோது.

*

1951இல் கனடாவில் கோபால்ட்-60 இயந்திரங்கள் சிகிச்சைக்கு வந்தன. 1953இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் நேர்கோட்டு முடுக்கி முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது. இவற்றின் கதிர்கள் பழைய எக்ஸ் கதிர்களைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தவை. தோலை அதிகம் வருத்தாமல் ஆழத்தில் உள்ள கட்டியை அடைபவை. ஆனால் இந்த முன்னேற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. குறைந்த ஆற்றலுடைய கதிரை எலும்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் உறிஞ்சுவதால்தான் எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு பளிச்சென்று தெரிகிறது. உயர் ஆற்றல் கதிருக்கு எலும்பும் தசையும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, குணப்படுத்தும் கதிரைக் கொண்டே படம் எடுத்தால் கிடைப்பது மங்கலான சாம்பல் நிறப் படலம். காணும் கதிரும் குணப்படுத்தும் கதிரும் இங்கே பிரிந்துபோயின.

எனவே பல பத்தாண்டுகளுக்குத் தொழில்நுட்பரின் வழிகாட்டி நோயாளியின் தோல்தான். தோலில் ஊசியால் குத்திய சிறு மைப்புள்ளிகள், சுவரிலிருந்து வரும் ஒளிக்கோடுகள், இரண்டையும் பொருத்தினால் கட்டி உரிய இடத்தில் இருக்கும் என்பது நம்பிக்கை. வாரம் ஒருமுறை ஃபிலிம் எடுத்து எலும்புகளைச் சரிபார்ப்பார்கள். அதைக் கழுவி உலர்த்தி மருத்துவர் பார்ப்பதற்குள் அன்றைய சிகிச்சை முடிந்திருக்கும்.

1980களில் மின்னணு முறையில் இப்படங்களை உடனடியாகத் திரையில் காட்டும் கருவிகள் உருவாயின. ஆம்ஸ்டர்டாமின் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹாரி மீர்டென்ஸ், மார்செல் வான் ஹெர்க் ஆகியோர் செய்த பணி இதில் முதன்மையானது. படங்கள் பெருகியபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. பிழை இருவகை. ஒன்று, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசையில் சற்றே விலகுவது. மற்றது, திட்டமிடும் நாளிலேயே புகுந்துவிட்ட பிழை. அது சிகிச்சையின் எல்லா நாட்களிலும் ஒரே திசையில் தொடரும். முதல்வகை, கட்டியின் விளிம்பைச் சற்று மங்கலாக்கும், அவ்வளவே. இரண்டாம் வகையோ விளிம்பின் ஒரு பகுதியை ஒவ்வொரு நாளும் கதிருக்கு வெளியே விட்டுவிடும். 2000ஆம் ஆண்டு வான் ஹெர்க் குழு வெளியிட்ட சூத்திரம் இதை எண்களில் சொன்னது. கட்டியைச் சுற்றி விடவேண்டிய பாதுகாப்பு இடைவெளி, தொடரும் பிழையின் அளவைப்போல் 2.5 மடங்கும், நாள்தோறும் மாறும் பிழையின் அளவைப்போல் 0.7 மடங்கும் சேர்ந்தது. எந்தப் பிழைக்கு அஞ்ச வேண்டும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வரி அத்துறையில் வேறில்லை எனலாம்.

இப்போது எபினாலுக்குத் திரும்பலாம். அங்கு நிகழ்ந்தவை எல்லாமே தொடரும் பிழைகள்.

*

எபினாலின் பொது மருத்துவமனையில் 2004 மே மாதம் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. புரோஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையில் கதிரின் ஒரு பக்கத்தை வலுவாகவும் மறுபக்கத்தை மென்மையாகவும் ஆக்க, அதுவரை ஆப்பு வடிவ உலோகத் துண்டு ஒன்றைக் கதிரின் பாதையில் வைத்து வந்தனர். இனி உலோகம் வேண்டாம், இயந்திரத்தின் வாயிலில் உள்ள தடுப்பே மெல்ல நகர்ந்து அதே விளைவை உண்டாக்கும் என்பது புதிய முறை. உலோகம் கதிரில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். எனவே அம்முறையில் இயந்திரத்தை அதிக நேரம் இயக்க வேண்டும். புதிய முறையில் விழுங்குவதற்கு எதுவும் இல்லை. ஆகவே குறைவாக இயக்கினால் போதும்.

கணினியில் இரு முறைகளுக்கும் தனித்தனித் தெரிவுகள் இருந்தன. பணியாளர்கள் சிலர் பழைய தெரிவிலேயே கணக்கிட்டு, புதிய முறையில் கதிரைச் செலுத்தினர். விளைவு, 24 நோயாளிகளுக்கு விதித்த அளவைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலான கதிர். 2005 ஆகஸ்ட் வரை இது தொடர்ந்தது. மென்பொருள் ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சு மொழியில் கையேடு இல்லை. பணியாளர்களுக்குக் கிடைத்தது சுருக்கமான செயல்விளக்கம் மட்டுமே. இவற்றைவிடக் கொடியது ஒன்றுண்டு. கணக்கைத் தனியே சரிபார்க்கும் முறையும், நோயாளியின் தோல்மீது வைத்துக் கதிரை அளக்கும் சிறு உணர்விகளும் புதிய முறைக்குப் பொருந்தவில்லை என்று கைவிடப்பட்டிருந்தன. புதிய கருவி வந்த நாளில், அதைச் சந்தேகிக்கும் வழிகள் யாவும் ஒருசேர அடைக்கப்பட்டன.

பிழையைச் சொன்னது எந்தக் கருவியும் அன்று, நோயாளிகளின் உடலே. கடுமையான மலக்குடல் அழற்சியோடு ஒருவர்பின் ஒருவராக அவர்கள் திரும்பி வந்தனர். பலர் இறந்தனர். 2005லேயே மருத்துவமனைக்கு விஷயம் தெரிந்தும், அணுசக்திப் பாதுகாப்பு அமைப்புக்கு அது சென்றடைந்தது 2006 கோடையில். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அதுவரை எதுவும் சொல்லப்படவில்லை.

விசாரணை தொடங்கியபோது இரண்டாவது அடுக்கு வெளிப்பட்டது. இதுதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அதே மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு முதல் 2006 வரை, புரோஸ்டேட் நோயாளிகள் சரியாகப் படுத்திருக்கிறார்களா என்று நாள்தோறும் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை என்று உலகம் திருப்தியடைந்திருந்த காலத்தில் தினமும்! அக்கறையின் அடையாளம்தான் அது. ஆனால் அந்தப் படங்களும் சிகிச்சைக் கதிரைக் கொண்டே எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு படமும் ஒரு சிறு மாத்திரைக் கதிர். அதை யாரும் மொத்தக் கணக்கில் கழிக்கவில்லை. ஏறத்தாழ 400 பேருக்கு 8 முதல் 10 சதவீதம் வரை கூடுதல் கதிர் சேர்ந்தது. நாளொன்றுக்கு 2 கிரே என்று விதிக்கப்பட்ட இடத்தில் இது 0.16 கிரே அல்லது அதற்குச் சற்று மேல். ஒரு நாளில் ஒன்றுமில்லை. ஏழெட்டு வாரங்களில் குடலும் சிறுநீர்ப்பையும் அதை மறப்பதில்லை.

பார்ப்பது ஒரு செயலே அன்று, அது வெறும் சாட்சி என்ற எண்ணம்தான் இங்கு தவறியது. பார்வைக்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த அறையில் நின்றவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், வழிகாட்டும் படங்களினால் சேரும் கதிரை எவ்வாறு கையாள்வது என்ற விரிவான அறிக்கையை வெளியிட்டது 2007இல்தான். படங்களினால் வரும் கதிர், விதித்த அளவில் 5 சதவீதத்தைத் தாண்டுமானால் அதைத் திட்டத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2018இல் அதே சங்கத்தின் இன்னொரு அறிக்கை பரிந்துரைத்தது. எபினாலின் நோயாளிகள் அந்த எல்லையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கடந்திருந்தனர்.

*

எபினாலில் இவை நிகழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அட்லாண்டிக்கின் மறுகரையில் பிரிந்துபோன இரு கதிர்களும் மீண்டும் சேர்ந்துகொண்டிருந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வில்லியம் பியூமான்ட் மருத்துவமனையில் டேவிட் ஜாஃப்ரே, ஜான் வாங் ஆகியோர் சிகிச்சை முடுக்கியின் பக்கவாட்டில் படமெடுக்கும் சாதாரண எக்ஸ் கதிர்க் குழாய் ஒன்றையும், எதிரே தட்டையான உணர்திரை ஒன்றையும் பொருத்தினர். நோயாளியைச் சுற்றி அது ஒருமுறை வலம் வந்தால் முப்பரிமாணப் படம் கிடைக்கும். கூம்புக் கற்றை சி.டி. என்று அறியப்படும் இம்முறை பற்றிய அவர்களின் முக்கியக் கட்டுரை 2002இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் இது உலகெங்கும் பரவியது. சிகிச்சை மேசையில் நோயாளி படுத்திருக்கும்போதே, அவருடைய உள்ளுறுப்புகள் இன்று எங்கே இருக்கின்றன என்று காண முடிந்தது.

ஆனால் காண்பவர் யார்? மருத்துவர் அந்நேரத்தில் புறநோயாளிகள் பிரிவில் இருப்பார். இயற்பியலாளர் வேறொரு அறையில் இருப்பார். திரையின் முன் இருப்பவர் தொழில்நுட்பர். திட்டமிட்ட நாளில் எடுத்த படத்தின்மேல் இன்று எடுத்த படத்தை அவர் பொருத்துகிறார். சில மென்பொருள்களில் ஒன்று பச்சையாகவும் மற்றது ஊதாவாகவும் தெரியும். இரண்டும் பொருந்திய இடம் சாம்பல் நிறமாகும். எங்கும் சாம்பல் ஆகும்வரை நகர்த்துவது எளிது. இதைக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும்.

எதைச் சாம்பல் ஆக்குவது என்பதே கேள்வி. இடுப்பெலும்பு பொருந்தினால் புரோஸ்டேட் பொருந்தியதாக ஆகாது. மலக்குடலில் சேர்ந்த வாயு அதை ஒரு சென்டிமீட்டர்கூட முன்னே தள்ளிவிடக்கூடும். புரோஸ்டேட்டைப் பொருத்தினால், எலும்பை ஒட்டியுள்ள நிணநீர்க் கணுக்கள் விலகிப்போகலாம். நுரையீரல் புற்றுநோயில், அடைபட்ட நுரையீரல் பகுதி ஒருநாள் திடீரென்று விரிந்துகொண்டால், கட்டியே இடம் மாறியிருக்கும். தலை, கழுத்துப் பகுதி நோயாளிகள் உண்ண முடியாமல் மெலிந்து, மூன்றாம் வாரத்தில் வேறொருவராகவே படுத்திருப்பார்கள். இவற்றில் எவை நகர்த்திச் சரிசெய்யக்கூடியவை, எவை சிகிச்சையை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டியவை? இரண்டு மூன்று நிமிடங்களில் முடிவெடுத்தாக வேண்டும். நோயாளி அசையாமல் காத்திருக்கிறார்.

படம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இரு ஆய்வுகள் சோதித்தன. 2005இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து வந்த ஆய்வு, திட்டமிடும் நாளில் மலக்குடல் விரிந்திருந்த நோயாளிகளுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் மீள்வது அதிகம் என்று காட்டியது. அந்த ஒருநாள் படம் விதிவிலக்கான நாளின் படம். அதையே மாதிரியாகக் கொண்டு எல்லா நாட்களும் கதிர் செலுத்தப்பட்டது. 2009இல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. புரோஸ்டேட்டினுள் உலோக அடையாளங்களைப் பதித்து, நாள்தோறும் படம் பார்த்துப் பொருத்தி, அந்தத் துல்லியத்தை நம்பிப் பாதுகாப்பு இடைவெளியைக் குறுக்கியபோது, அந்நோயாளிகளின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. படம் காட்டியது அடையாளங்களை மட்டுமே. கட்டியின் கண்ணுக்குத் தெரியாத விளிம்பை, உறுப்பு உருமாறுவதை, எல்லை வரைந்த கையின் ஐயத்தை அது காட்டவில்லை. துல்லியம் என்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்ற பழைய பாடத்தை அந்த நோயாளிகள் தம் உடலால் எழுதிக்கொடுத்தனர்.

*

ஆகவே பயிற்சியின் பொருள் மெல்ல மாறியது. பொத்தான்களைக் கற்பிப்பது உற்பத்தியாளரின் வேலை; தீர்ப்பைக் கற்பிப்பது மருத்துவமனையின் வேலை என்ற பிரிவினை தெளிவாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் நுரையீரல் நோயாளிகளுக்காக ஒரு வழக்கம் உருவானது. அன்றைய படத்தில் காணும் மாற்றத்தைத் தொழில்நுட்பர் போக்குவரத்து விளக்குகள்போல் வகைப்படுத்துவார். பச்சை என்றால் மாற்றமில்லை. மஞ்சள் என்றால் மாற்றம் உண்டு, கவலையில்லை. ஆரஞ்சு என்றால் அடுத்த அமர்வுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் இப்போதே நிறுத்த வேண்டும். வண்ணங்கள் எளியவை. ஆனால் இளநிலைப் பணியாளர் ஒருவருக்கு, மூத்த மருத்துவர் வகுத்த திட்டத்தின் முன் நின்று 'சிவப்பு' என்று சொல்லும் உரிமையை அவை எழுத்தில் வழங்கின. பயிற்சியின் பாதி அந்த உரிமைதான்.

பிரிட்டனில் ஹல் பல்கலைக்கழகத்தினர் சிகிச்சை அறையையே முழு அளவில் திரையில் உருவாக்கினர். முப்பரிமாணக் கண்ணாடி அணிந்த மாணவர்கள், கதிர் உடலுக்குள் எவ்வாறு பாய்கிறது, நோயாளி ஒரு சென்டிமீட்டர் விலகினால் எந்த உறுப்பு கதிருக்குள் வருகிறது என்று கண்ணால் காணலாம். 2007ஆம் ஆண்டையொட்டி அரசு நிதியுதவியோடு இது இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பரவியது. இதன் பெரும்பயன், எவரையும் காயப்படுத்தாமல் தவறு செய்யலாம் என்பதே. கிளாரென்ஸ் டாலியின் கையும் எபினால் நோயாளிகளின் குடலும் செலுத்திய கட்டணத்தை இங்கே எவரும் செலுத்த வேண்டியதில்லை.

2017 மே மாதம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், உயர்புல எம்.ஆர்.ஐ. கருவியும் முடுக்கியும் ஒன்றாய் இணைந்த இயந்திரம் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது. 2018இல் லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இங்கே ஒவ்வொரு நாளும் திட்டமே புதிதாக வரையப்படுகிறது. தொடக்கத்தில் மருத்துவர், இயற்பியலாளர், தொழில்நுட்பர் என ஒரு கூட்டமே இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. நாள்தோறும் அது இயலாது. எனவே உறுப்புகளின் எல்லைகளை வரையத் தொழில்நுட்பர்களுக்கே பயிற்சி அளித்தனர். ஒரே நோயாளியின் படத்தில் மருத்துவர் வரைந்த கோட்டையும் தொழில்நுட்பர் வரைந்த கோட்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஏற்கத்தக்க அளவுக்குள் வந்த பின்னரே தனியே செயல்பட அனுமதிப்பது என்ற முறை உருவாகியது. இப்போது அக்கோடுகளின் முதல் வரைவைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் தந்துவிடுகின்றன. பெரும்பாலும் நன்றாகவே வரைகின்றன. அதனாலேயே கடினம் கூடுகிறது. நூறில் ஒன்று தவறாக வரும்போது, முந்தைய தொண்ணூற்றொன்பதுக்குத் தலையசைத்துப் பழகிய கண் விழித்திருக்க வேண்டும்.

*

எபினால் வழக்கு 2012இல் பாரிஸில் விசாரிக்கப்பட்டது. 2013 ஜனவரியில் இரு மருத்துவர்களும் இயற்பியலாளரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் சங்கம் அமைத்து, தங்களுக்கு நேர்ந்ததைப் பதிவு செய்யப் போராடினர். பிரான்ஸில் கதிர்வீச்சுச் சிகிச்சை மையங்களுக்கு அனுமதி விதிகள் இறுக்கப்பட்டன. மருத்துவ இயற்பியலாளர்களின் எண்ணிக்கை பெருகியது. பிழைகளைத் தெரிவிக்கும் முறை வகுக்கப்பட்டது. நோயாளியின் உடல்மீதே கதிரை அளந்து பார்ப்பது கட்டாயமாயிற்று.

இவையெல்லாம் நல்லவையே. எனினும் தண்டனையும் விதிகளும் தொடாத ஒன்று எஞ்சுகிறது. எபினாலில் தினமும் படம் எடுத்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். மற்ற ஊர்களைவிட அதிகக் கவனத்துடன் பார்த்தவர்கள். அவர்களுக்கு இல்லாதிருந்தது, தாம் பார்ப்பதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்றுத்தந்த ஒரு வகுப்பும், அக்கேள்வியைச் செவிமடுக்க ஒருவரும், அதைச் சொந்த மொழியில் விளக்கும் ஒரு புத்தகமும்தான். வேற்று மொழிக் கையேடுகளோடு வந்திறங்கும் இயந்திரங்களிடம் உடலை ஒப்படைத்துப் பழகிய நமக்கு இது அந்நிய நாட்டுக் கதை என்று தோன்றக் காரணமில்லை.

பெல்லெரனின் அச்சகத்திலிருந்து சென்ற படங்களைச் சுவரில் ஒட்டிய குடியானவர், போர் அப்படித்தான் நிகழ்ந்தது என்று நம்பினார். அதனால் அவருக்குக் கேடொன்றும் வரவில்லை. சிகிச்சை அறையின் திரையில் தோன்றும் படத்தை அப்படி நம்புவதற்கில்லை. அது எந்த நாளில் எடுத்தது, எதைக் காட்டாமல் விட்டது, அதை எடுப்பதற்கு நோயாளி என்ன விலை கொடுத்தார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தும் ஒருவரை உருவாக்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. இயந்திரத்தை வாங்குவதற்குச் சில மாதங்கள் போதும்.